இரண்டாவது கண்ட்ரோலர்

சிறுவயதில் அண்ணனுக்கும் எனக்கும் சேர்த்து ஒரு கேம் கன்சோல் வந்தது. கூடவே இரண்டு கண்ட்ரோலர்கள். முதலாவது அவனுக்கு, இரண்டாவது எனக்கு. நாங்கள் அதிகம் ஆடியது 'சூப்பர் மாரியோ பிரதர்ஸ்'. 1985இல் வெளிவந்த அந்த விளையாட்டில் இருவர் ஆட வழி உண்டு; சேர்ந்து ஆடத்தான் வழியில்லை. முதல் ஆள் மாரியோவாக ஓடுவார். அவர் ஓர் உயிரை இழந்த பிறகே இரண்டாம் ஆளுக்கு லூயிஜியாக முறை வரும். அண்ணன் கெட்டிக்காரன். அவன் எப்போது பள்ளத்தில் விழுவான் என்று கண்ட்ரோலரை மடியில் வைத்துக்கொண்டு காத்திருப்பேன். ஒருவழியாக என் முறை வரும். எதிரே நடந்து வரும் முதல் காளான் பூதத்தின் மீதே மோதி உயிரை விடுவேன். கால் மணி நேரம் அவனுக்கு, பத்து விநாடி எனக்கு.

அந்தக் கணக்கு புரிய எனக்குப் பல வருடங்கள் ஆயின. நன்றாக ஆடுகிறவருக்கே மேலும் ஆட நேரம் கிடைக்கிறது. அதனால் அவர் இன்னும் நன்றாக ஆடுகிறார். தடுமாறுகிறவருக்குத் தடுமாறிப் பழகக்கூட நேரம் வாய்ப்பதில்லை. "உனக்கு இதெல்லாம் வராது" என்று அண்ணன் சொன்னான். பத்து வயதில் அதை நம்பினேன். முப்பது வயதுவரை அதை யாரும் மறுத்துச் சொல்லவில்லை, நான் உட்பட.

பெண்களுக்கு வீடியோ கேம் பிடிக்காது என்று இன்றும் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். அமெரிக்க வீடியோ கேம் நிறுவனங்களின் சங்கம் ஆண்டுதோறும் கணக்கெடுக்கிறது. அந்த நாட்டில் கேம் ஆடுகிறவர்களில் பெண்கள் 2023இல் 46 சதவீதம். அதற்கு முந்தைய பல ஆண்டுகளிலும் ஏறக்குறைய அதே அளவுதான். ஆக, ஆசைக்குக் குறைவில்லை. ஆனால் பெரிய திரையில் ஓடும், பெரிய செலவில் எடுக்கப்படும் விளையாட்டுகளுக்கு முன்னால் ஒரு தம்பதி சேர்ந்து உட்காரும்போது இருவரில் ஒருவர் ஏன் அரை மணி நேரத்தில் எழுந்து போய்விடுகிறார்? அந்த ஒருவராக நான் பல வருடங்கள் இருந்திருக்கிறேன். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

திருமணத்துக்குப் பிறகு என் கணவர் ஆசையாக ஒரு புதிய விளையாட்டை வாங்கி வந்தார். இருவரும் சேர்ந்து ஆடலாம் என்று அட்டையிலேயே போட்டிருந்தது. துப்பாக்கியைப் பிடித்த கை மட்டும் திரையில் தெரியும். நம் கண்ணே கேமரா. கண்ட்ரோலரில் ஸ்டிக் என்னும் குட்டிப் பிடிகள் இரண்டு; இடது கட்டைவிரலில் இருப்பது நடப்பதற்கு, வலது கட்டைவிரலில் இருப்பது தலையைத் திருப்பிப் பார்ப்பதற்கு. அவருக்கு இது மூச்சு விடுவது போல. இருபது வருடப் பழக்கம். நானோ முதல் பத்து நிமிடமும் வானத்தைப் பார்த்தேன், தரையைப் பார்த்தேன், சுவரில் முட்டிக்கொண்டு நின்றேன். "இங்கே வா, இங்கே வா" என்று அவர் கூப்பிட்டார். எந்த 'இங்கே' என்றே எனக்குத் தெரியவில்லை. அவர் அதற்குள் இரண்டு அறைகள் தாண்டிப் போயிருந்தார்.

இரண்டு கட்டைவிரல்களுக்கு இரண்டு வேலை என்ற இந்த முறை யாருக்கும் பிறவியில் வருவதில்லை. 2000ஆம் ஆண்டில் பிளேஸ்டேஷனுக்கு வந்த 'ஏலியன் ரெசரெக்‌ஷன்' என்ற திகில் விளையாட்டு இதே முறையைக் கையாண்டபோது, விமர்சனம் எழுதுவதையே தொழிலாகக் கொண்ட ஒருவர், விளையாட்டிலேயே பயங்கரமானது அதன் கட்டுப்பாட்டு முறைதான் என்று குறைப்பட்டு எழுதினார். அடுத்த ஆண்டு 'ஹேலோ' என்ற சுடும் விளையாட்டு அதே முறையோடு வந்தது. எல்லோரும் பழகிக்கொண்டார்கள். இன்று விளையாட்டுகளை உருவாக்குகிறவர்களுக்கு அது பழக வேண்டிய ஒன்று என்பதே மறந்துவிட்டது. குதிப்பது எப்படி, சுடுவது எப்படி என்று திரையில் எழுதிக் காட்டுகிறார்கள். பார்ப்பது எப்படி என்று யாரும் கற்றுத்தருவதில்லை.

அன்றைய தினத்தில் இன்னொன்றும் நடந்தது. இருபது நிமிடத்தில் எனக்குத் தலை சுற்றி வயிற்றைப் புரட்டியது. நான் பலவீனமானவள் என்று எண்ணி வெட்கப்பட்டு, தூக்கம் வருகிறது என்று பொய் சொல்லிவிட்டு எழுந்தேன். காரணம் வேறு. கண் 'நகர்கிறோம்' என்கிறது, உள் காது 'நகரவில்லை' என்கிறது. இந்த இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு உடல் குழம்புகிறது. பஸ்ஸில் புத்தகம் படிக்கும்போது வரும் தொல்லையின் உடன்பிறப்பு இது. பார்வைக் கோணத்தை அகலப்படுத்துவது, நடக்கும்போது கேமரா குலுங்குவதையும் அசைவில் படம் மங்குவதையும் அணைத்துவிடுவது, கேமரா திரும்பும் வேகத்தைக் குறைப்பது, விளக்கைப் போட்டுக்கொண்டு திரையிலிருந்து சற்றுத் தள்ளி உட்காருவது: இவ்வளவும் செய்தால் பலருக்குத் தலைசுற்றல் வெகுவாகக் குறைகிறது, எனக்குக் குறைந்தது. இவற்றில் பாதி, அமைப்புகள் பக்கத்தின் மூன்றாம் அடுக்கில் ஒளிந்துகிடக்கின்றன. உங்கள் வீட்டில் யாராவது "எனக்கு ஒத்துக்கொள்ளவில்லை" என்று கண்ட்ரோலரை வைத்துவிட்டால், ஆர்வமில்லை என்று முடிவு கட்டுவதற்கு முன் தலை சுற்றுகிறதா என்று ஒருமுறை கேளுங்கள். என்னை யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

அடுத்த சில மாதங்களில் எங்கள் வீட்டில் அதிகம் ஒலித்த வாக்கியம் ஒன்று உண்டு: "கொடு, இந்த இடத்தை மட்டும் நான் தாண்டித் தருகிறேன்." அன்பாகச் சொன்னதுதான். நான் பத்து முறை விழுந்த பள்ளத்தை அவர் ஒரே மூச்சில் தாண்டிவிட்டுக் கண்ட்ரோலரைத் திருப்பித் தருவார். அதற்கு அடுத்த பள்ளம் முந்தையதைவிடக் கடினமாக இருக்கும், ஏனென்றால் முந்தையதில் பழகியிருப்பேன் என்று விளையாட்டு நினைத்துக்கொள்கிறது. பத்தாவது முறை விழுந்தவளுக்குப் பதினோராவது முறைதான் தேவைப்பட்டது. அதை அவர் எடுத்துக்கொண்டார். ஒருநாள் "நீங்களே ஆடுங்கள், நான் பார்க்கிறேன்" என்று சொன்னேன். பார்ப்பதையும் ஒரு வருடத்தில் விட்டுவிட்டேன்.

என்னைப் போன்றவர்களை உள்ளே இழுக்க முயற்சி நடக்கவில்லை என்று சொன்னால் பொய். 1980இல் ஜப்பானின் நாம்கோ நிறுவனத்தில் டோரு இவாதானி 'பேக்-மேன்' உருவாக்கியபோது, ஆண்கள் கூட்டமாக நின்று விண்கலங்களைச் சுட்டுக்கொண்டிருந்த விளையாட்டு நிலையங்களுக்குப் பெண்களும் ஜோடிகளும் வரவேண்டும் என்பதே அவருடைய எண்ணம். பிற்காலத்தில் அவரே இதைப் பலமுறை சொல்லியிருக்கிறார். சுடுவதற்குப் பதிலாகத் தின்பது, அச்சுறுத்தும் எதிரிகளுக்குப் பதிலாக வண்ண வண்ணப் பேய்கள் என்ற மாற்றங்களைத்தான் எல்லோரும் எடுத்துச் சொல்கிறார்கள். எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. அந்த இயந்திரத்தில் ஆடுவதற்கு ஒரே ஒரு கைப்பிடிதான். சுடும் பொத்தான் கிடையாது. முதன்முறை தொடுகிறவரும் பல நாள் ஆடியவரும் ஒரே பிடியைப் பிடித்தார்கள். இருந்தும் அங்கேயும் இருவர் ஆடினால் முறை மாற்றித்தான் ஆட வேண்டும். ஜோடியை உள்ளே அழைத்து வந்த விளையாட்டே ஒருவரை ஓரமாக நிறுத்தியது.

பிறகு வந்தது இளஞ்சிவப்புக் காலம். 1996இல் வந்த 'பார்பி ஃபேஷன் டிசைனர்' முதல் இரண்டு மாதங்களிலேயே 5 லட்சத்துக்கும் மேல் விற்றது. அதைக் கேலி செய்கிறவர்களோடு நான் உடன்படவில்லை. கணினியில் வடிவமைத்த உடையைத் துணிபோன்ற தாளில் அச்சிட்டு, கையில் இருக்கும் பொம்மைக்கு அணிவிக்கலாம். திரையில் செய்த வேலை கைக்கு வந்தது. ஆனால் மற்ற நிறுவனங்கள் பிடித்துக்கொண்டது நிறத்தை மட்டுமே. கால்பந்து ஆடும் பெண்கள் 'ஃபிஃபா' விளையாட்டு வரிசைக்குள் நுழைய 2015வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அந்த வரிசை தொடங்கியது 1993இல்.

ஒருவருக்குத் தெரியும், மற்றவருக்குத் தெரியாது என்ற நிலையைச் சமாளிக்க, மாரியோவை உருவாக்கிய நிண்டெண்டோ நிறுவனம் ஒரு வழி கண்டது: உதவியாளர் வேடம். 2007இன் 'சூப்பர் மாரியோ கேலக்ஸி'யில் ஒருவர் மாரியோவாகக் கோள்களுக்கிடையே பறப்பார். மற்றவர் திரையில் ஓர் அம்புக்குறியை நகர்த்தி நட்சத்திரத் துணுக்குகளைப் பொறுக்குவார். 2017இன் 'சூப்பர் மாரியோ ஒடிசி'யில் இரண்டாம் ஆள் மாரியோவின் தொப்பி. சின்னக் குழந்தைக்கு இது அருமையான ஏற்பாடு. வளர்ந்த மனுஷிக்கு? தொப்பியாக இரண்டு மாலைகள் ஆடினேன். நான் கண்ட்ரோலரைக் கீழே வைத்தபோது விளையாட்டு எதுவுமே நடக்காதது போல ஓடிக்கொண்டிருந்தது. அவர்கூடக் கொஞ்ச நேரம் கவனிக்கவில்லை.

ஆன்லைனுக்கும் போய்ப் பார்த்தேன். பெயர் வேண்டாம், அணியாக ஆடும் சுடும் விளையாட்டு. பயந்து பயந்து மைக்கில் "வலப்பக்கம் இரண்டு பேர் வருகிறார்கள்" என்றேன். நான் சொன்ன தகவல் சரிதான். ஆனால் குரலைக் கேட்டதும் அணியில் ஒருவர் என்னைப் பற்றிப் பேசத் தொடங்கினார், மற்றவர்கள் சிரித்தார்கள். மீதியை எழுத விருப்பமில்லை. அன்று அணைத்த மைக்கை அதற்குப் பிறகு முன்பின் தெரியாதவர்கள் நடுவில் போட்டதேயில்லை. இந்த விஷயத்தில் ஒரு நல்ல மாற்றத்தைச் சொல்ல வேண்டும். 2019இல் வந்த 'ஏபெக்ஸ் லெஜண்ட்ஸ்' விளையாட்டில் ஒரு பொத்தானை அழுத்தினால் போதும். எதிரி எங்கே, ஆயுதம் எங்கே, எங்கே போகலாம் என்பதை நம் பாத்திரமே அணிக்கு அறிவித்துவிடும். குரலைக் காட்டாமலே கடைசிவரை ஆடலாம். புதிதாக ஆன்லைனுக்குப் போகும் பெண்களுக்கு நான் சொல்வது இது ஒன்றுதான்: இப்படிப்பட்ட வசதி உள்ளதைத் தேர்ந்தெடுங்கள், தெரியாதவர்களின் குரலை முதலிலேயே அடைத்துவிடுங்கள். இதைப் பெண்கள்தான் செய்துகொள்ள வேண்டியிருக்கிறது என்பது எனக்கு இன்னும் ஆறாத கோபம்.

நான் திரும்பி வந்தது கண்ட்ரோலர் இல்லாத ஒரு விளையாட்டால். 2015இல் வெளிவந்த 'கீப் டாக்கிங் அண்ட் நோபடி எக்ஸ்ப்ளோட்ஸ்'. ஒருவருக்கு மட்டும் திரையில் வெடிகுண்டு தெரியும். அதை எப்படிச் செயலிழக்கச் செய்வது என்று சொல்லும் 23 பக்கக் கையேடு மற்றவரிடம் இருக்கும். குண்டைப் பார்க்கிறவர் கையேட்டைப் பார்க்கக் கூடாது. கையேடு வைத்திருப்பவர் திரையைப் பார்க்கக் கூடாது. நான் எதிர்ப்பக்கம் திரும்பி உட்கார்ந்து தாள்களைப் புரட்டினேன்.

"ஐந்து கம்பி இருக்கிறது."

"கடைசிக் கம்பி என்ன நிறம்?"

"கறுப்பு. சீக்கிரம் சொல்."

"பெட்டியின் வரிசை எண்ணைப் படியுங்கள். கடைசி இலக்கம் ஒற்றைப்படையா?"

முதல் குண்டு வெடித்தது. இரண்டாவதும். மூன்றாவதில் பதினோரு விநாடி மீதமிருக்க நின்றது. இருவரும் கத்தியதில் வீடே அதிர்ந்தது. அவருடைய இருபது வருடப் பழக்கம் அன்று எதற்கும் உதவவில்லை. நான் சொல்லாமல் அவரால் ஒரு கம்பியைக்கூட வெட்ட முடியாது. பொறுமையாகப் படிப்பதும், நிதானமாகக் கேள்வி கேட்பதும் எனக்கு நன்றாக வரும். ஒரு விளையாட்டு அதைக் கேட்டு வாங்கியது எனக்கு அதுவே முதல் முறை. துணையை இந்த உலகத்துக்குள் அழைத்து வர நினைப்பவர்கள் இப்படித் தொடங்கலாம்: இருவருக்கும் புதிதான ஒன்று, ஒருவர் கையில் இருப்பது மற்றவர் கையில் இல்லாத ஒன்று. நீங்கள் ஏற்கெனவே மூன்று முறை முடித்துவிட்ட, உங்களுக்கு உயிரான விளையாட்டிலிருந்து மட்டும் தொடங்காதீர்கள். அதில் உங்கள் துணை பார்க்கப்போவது விளையாட்டையல்ல, உங்கள் பொறுமையின்மையை.

அடுத்து நடந்ததுதான் எங்கள் இருவர் கண்ணையும் திறந்தது. ஒரு தீவில் குடியேறி வாழும் விளையாட்டான 'அனிமல் கிராசிங்: நியூ ஹொரைசன்ஸ்' 2020 மார்ச்சில் வந்தபோது நான்தான் அதை எங்கள் கன்சோலில் முதலில் தொடங்கினேன். ஒரு கன்சோலுக்கு ஒரு தீவுதான். முதலில் தொடங்கியவரே தீவின் பிரதிநிதி. கதை நகர்வதும் பாலம் எங்கே, வீடு எங்கே என்று முடிவாவதும் அவர் கையில்தான். இரண்டாவதாகக் குடியேறுகிறவருக்கு ஒரு வீடு கிடைக்கும், அவ்வளவுதான். இருவரும் ஒரே நேரத்தில் ஆடினால் ஒருவர் தலைவர், மற்றவர் பின்தொடர்பவர். கேமரா தலைவரோடு போகும். பின்தொடர்பவர் பின்தங்கினால் இழுத்து வந்து பக்கத்தில் நிறுத்தப்படுவார். அவர் பிடிக்கும் மீன்கூட அவருடைய பைக்குப் போகாது, ஒரு பொதுப் பெட்டிக்குப் போகும்.

என் கணவர் பின்தொடர்பவரானார். அரை மணி நேரம்கூட ஆகவில்லை. "எனக்கு இதில் என்ன வேலை என்றே தெரியவில்லை" என்று சொல்லி, கண்ட்ரோலரைச் சோபாவில் வைத்தார். சொன்ன பிறகு அவரே சற்று நேரம் பேசாமல் உட்கார்ந்திருந்தார். "நீ இப்படித்தான் இருந்தாயா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். இருபது வருடம் ஆடிய மனிதர், பழக்கத்துக்கோ திறமைக்கோ குறைவில்லாதவர். இரண்டாவது இடத்தில் உட்கார வைத்ததும் அவரும் என்னைப் போலவே எழுந்து போனார். பெண்ணுக்கு என்ன பிடிக்கும் என்று ஆராய்வதில் காலத்தைச் செலவழித்தவர்கள், அவளுக்குக் கொடுத்த இருக்கையை யோசித்துப் பார்த்திருக்கலாம் என்று எனக்கு அன்று தோன்றியது.

அன்றிலிருந்து எந்த விளையாட்டை வாங்குவதென்றாலும் நாங்கள் பார்ப்பது மூன்றுதான். இரண்டாம் ஆளின் முன்னேற்றம் அவர் பெயரில் சேமிக்கப்படுகிறதா? ஒருவர் இல்லாமல் மற்றவரால் முன்னேற முடியுமா? ஒருவர் தவறினால் இருவரும் முதலிலிருந்து தொடங்க வேண்டுமா? நண்பர்களிடமோ விமர்சனங்களிலோ இதைத் தெரிந்துகொண்ட பிறகே பணம் கொடுக்கிறோம். படத்தின் அழகு, கதையின் ஆழம் எல்லாம் பிறகு.

'ஸ்டார்டியூ வேலி' எங்களுக்கு நீண்ட நாள் துணையாக இருந்தது. எரிக் பரோன் என்ற ஒரே மனிதர் எழுதி, வரைந்து, இசையமைத்து 2016இல் வெளியிட்ட பண்ணை விளையாட்டு. ஒரே திரையைப் பிரித்து இருவர் ஆடும் வசதி 2020 இறுதியில் வந்தது. விளையாட்டில் ஒரு நாள் என்பது நமக்குச் சுமார் 14 நிமிடம். வேலை முடிந்து களைத்து உட்காரும் இருவருக்கு அது சரியான அளவு. குறையும் உண்டு. தனியாக ஆடினால் பையைத் திறந்து பார்க்கும்போது கடிகாரம் நிற்கும். இருவர் ஆடும்போது ஓடிக்கொண்டே இருக்கும். எதையும் படித்துப் பார்த்து முடிவெடுக்கும் எனக்கு அது பெரும் தொந்தரவு. நான் வயலையும் கால்நடைகளையும் எடுத்துக்கொண்டேன், அவர் சுரங்கத்துக்குள் இறங்கிவிட்டார். எட்டு வாரம் கழித்து வேலைகளை மாற்றிக்கொண்டோம். சுரங்கத்தில் வாள் வீச நான் கற்றுக்கொண்டது அங்கேதான், யாரும் அவசரப்படுத்தாமல்.

அதற்குப் பிறகே 2021இல் வந்த 'இட் டேக்ஸ் டூ' ஆடத் துணிந்தோம். ஹேஸ்லைட் நிறுவனத்தின் யோசெஃப் ஃபாரெஸ் இயக்கியது. அந்த ஆண்டின் சிறந்த விளையாட்டு என்று 'தி கேம் அவார்ட்ஸ்' விருது பெற்றது. தனியாக ஆடவே முடியாது. விவாகரத்தை நோக்கிப் போகும் தம்பதி பொம்மைகளாக மாறிவிடுகிறார்கள். ஓர் இடத்தில் கணவனிடம் ஆணிகள், மனைவியிடம் சுத்தியல் தலை. அவன் சுவரில் ஆணியை எறிந்தால்தான் அவள் அதில் தொங்கி ஊஞ்சலாடித் தாண்ட முடியும். அடுத்த அத்தியாயத்தில் கருவிகள் மாறிவிடும். ஆகவே யாரும் நிபுணராக முடியாது. நான் விழுந்தால் சில நொடிகளில் திரும்பி வருவேன், அவர் நின்ற இடத்திலேயே நிற்கலாம். இவ்வளவு நல்ல ஏற்பாட்டிலும், கெஞ்சக் கெஞ்ச ஒரு யானை பொம்மையை அந்தத் தம்பதி இழுத்துப் போய்க் கீழே தள்ளும் காட்சியை என்னால் மன்னிக்க முடியவில்லை. இன்னொன்று: பலர் இதையே முதல் விளையாட்டாகச் சிபாரிசு செய்கிறார்கள். வேண்டாம். இரண்டு ஸ்டிக்கும் பழகியவருக்கே இது இன்பம். கேமராவே திருப்பத் தேவையில்லாத, பக்கவாட்டில் நகரும் ஒன்றில் ஒரு மாதம் பழகிவிட்டு வாருங்கள். 'அன்ராவல் டூ' அதற்கு நல்லது; கடினமான இடத்தில் ஒரு நூல் பொம்மை மற்றதன் முதுகில் ஏறிக்கொள்ளலாம், கண்ட்ரோலரைக் கை மாற்ற வேண்டியதில்லை.

இப்படிப்பட்ட விளையாட்டுகள் கொஞ்சமே இருக்கின்றன. திரையைப் பிரித்துக் காட்ட வேண்டுமென்றால் கருவி ஒரே உலகத்தை இரண்டு முறை வரைய வேண்டும். படம் எவ்வளவு மினுக்குகிறதோ அவ்வளவு சுமை. அதனால் முதலில் வெட்டப்படுவது பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரின் பாதித் திரை. 2015இல் 'ஹேலோ 5' அந்த வசதி இல்லாமல் வந்தது. ரசிகர்கள் கொதித்தார்கள். இனி அந்த வசதியை விடமாட்டோம் என்று அதை உருவாக்கியவர்கள் வாக்குக் கொடுத்தார்கள். 'ஹேலோ இன்ஃபினிட்' வந்து, 2022இல் அதன் கதைப் பகுதிக்கான அந்த வசதி கைவிடப்பட்டது. தனித்தனி அறையில், தனித்தனிக் கருவியில் ஆடும் கணவன் மனைவியைத்தான் இந்தத் தொழில் மனதில் வைத்திருக்கிறது.

இப்போது ஹேஸ்லைட்டின் அடுத்த படைப்பான 'ஸ்பிளிட் ஃபிக்‌ஷன்' ஆடிக்கொண்டிருக்கிறோம். 2025இல் வந்தது, நாயகர்கள் இருவருமே பெண்கள். அவர் ஸோயி, நான் மியோ. சென்ற வாரம் முழுவதும் ஒரே இடத்தில் மாட்டிக்கொண்டோம். விழுவது பெரும்பாலும் அவர்தான். கட்டத்தைத் தாண்டிக் குதித்துப்போகும் வசதி அமைப்புகளில் இருக்கிறது. அது வேண்டாம் என்கிறார். நேற்று இரவு பதினான்காவது முறை விழுந்ததும் கண்ட்ரோலரை என் பக்கம் நீட்டினார். நான் வாங்கவில்லை. இன்று மறுபடி உட்காருகிறோம்.